மின்நூலுக்குப் பூட்டு: விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சிறு பதிப்பகம் நடத்துகிறவர் மின்நூல் விற்க இறங்கும்போது முதலில் கேட்பது, "யாரும் நகல் எடுக்காதபடி பூட்ட முடியுமா?" என்பதுதான். பூட்டலாம். ஆனால் திருட்டுப் பிரதியில் பூட்டு இருக்காது. காசு கொடுத்தவர்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

குவைத்தில் வேலை பார்க்கும் குளச்சல்காரர் போனை மாற்றுகிறார். இரண்டு கருவிகள் மட்டும் என்று வரம்பு வைத்திருந்தால், மூன்றாவது போனில் நூல் திறக்காது. வரம்பு வேண்டுமென்றால் ஐந்தாறு கருவிகளாவது கொடுங்கள். பணம் கட்டும் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பூட்டு வேலை செய்ய விற்றவரின் சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிறு பதிப்பகம் அதைத் தாங்காது.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வீண் வேலை. கோப்பு மேலே, கடவுச்சொல் கீழே. ஒன்றை அழுத்திப் பிடித்து, மற்றதையும் தொட்டால் இரண்டையும் சேர்த்தே ஃபார்வர்ட் செய்துவிடலாம். அதைவிட முதல் பக்கத்திலும் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வாங்கியவர் பெயரையும் ஆர்டர் எண்ணையும் அச்சிடுங்கள். தன் பெயர் போட்ட பிரதியைக் குழுவில் போட யாருக்கும் கை கூசும். போன் எண் மட்டும் வேண்டாம். பிரதி கைமாறினால் வாங்கியவருக்குத்தான் தொல்லை. பூட்டு இல்லாத, யூனிகோட் எழுத்தில் அமைந்த இபப் (EPUB என்ற மின்நூல் கோப்பு) என்றால் பார்வையற்றவரின் போனும் அதை வாசித்துச் சொல்லும்.

அமேசானின் கிண்டில் கடையில் விற்பவர்கள் கோப்பின் அளவைக் கவனிப்பதில்லை. 70 விழுக்காடு ராயல்டி (விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு) திட்டத்தில் இந்திய விற்பனைக்கு, கோப்பை அனுப்பும் செலவாக ஒரு எம்பிக்கு ₹7 கழிப்பார்கள். ₹120 நூல், படங்களோடு 6 எம்பி என்றால் ₹42 போய், மீதி ₹78-ல்தான் 70 விழுக்காடு: ₹54.60. படங்களைச் சுருக்கி 1 எம்பி ஆக்கினால் ₹79.10. இந்தியாவில் இந்த 70 விழுக்காட்டுக்கு கேடிபி செலக்ட் என்ற, மின்நூலை அமேசானில் மட்டுமே விற்கும் திட்டத்தில் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த 90 நாளும் அதே மின்நூலை உங்கள் தளத்தில் விற்றால் ஒப்பந்த மீறல்.

நூலைப் பதிவிறக்கும் இணைப்பை 24 மணி நேரத்தில் காலாவதியாக்குவதும் தவறு. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஆர்டர் எண்ணைச் சொன்னால் கேள்வி கேட்காமல் மறுபடி அனுப்புங்கள். அப்போதும் திறக்கவில்லையென்றால் அன்றே பணத்தைத் திருப்பிவிடுங்கள்.