மேல்வீட்டுத் தண்ணீர் யார் கணக்கு? சிங்கப்பூர் வீவக வீட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஊரில் வாடகை வீட்டுக் குழாய் ஒழுகினால் ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன், அவர் இழுத்தடித்தால் தெருமுனை பிளம்பர், அவ்வளவுதான். சிங்கப்பூரில் அப்படி இல்லை. இங்கே எது ஒழுகுகிறது, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதைப் பொறுத்து கூப்பிட வேண்டிய ஆளே மாறிவிடும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக (HDB), 1960இல் தொடங்கியது. இங்கே குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அது கட்டிய அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். வேலைக்கு வரும் நாமும் பெரும்பாலும் அங்கேதான் வாடகைக்குப் போகிறோம். கட்டியது வீவக, அப்படியானால் எல்லாப் புகாரும் அங்கேயே என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் வாசற்கதவுதான் எல்லைக்கோடு. கதவுக்கு வெளியே இருக்கும் நடைவழி, படிக்கட்டு, மின்தூக்கி (லிஃப்ட்), கீழே வீடுகள் இல்லாத வெற்றுத்தளம், மாடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் (டவுன் கவுன்சில்) பொறுப்பு. கதவுக்கு உள்ளே வீட்டு உரிமையாளர். எந்தப் பேட்டை எந்த நகர மன்றத்துக்குக் கீழே வருகிறது என்பது புளோக்கின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலே தெரியும். குடிவந்த அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேர அவசரப் பராமரிப்பு எண்ணும் அதில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மின்தூக்கி நின்றாலும், புளோக்குக்கே தண்ணீர் வராவிட்டாலும் அந்த எண்தான். யாரிடம் சொல்வது என்றே புரியாத விஷயமா? ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போட்டுவிடுங்கள், உரிய இடத்துக்கு அதுவே அனுப்பிவிடும்.

எல்லைக்கோடு குழம்புகிற இடம் ஒன்று உண்டு. என் முதல் வாடகை வீட்டில் கழிவறைக் கூரையில் தேநீர் சிந்தியது போல ஒரு பழுப்புக் கறை. இரண்டே வாரத்தில் அது சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கி, வாளி வைத்துத்தான் குளித்தோம். வீட்டுக்காரர் "நகர மன்றத்தைக் கேளுங்க" என்றார். அங்கே "இது பொது இடம் இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். மேல்வீட்டுக் கழிவறைத் தரையும் என் கூரையும் ஒரே கான்கிரீட் பலகை. அதன் மேல் போட்டிருக்கும் நீர்த்தடுப்புப் படலம் பழசாகிவிட்டால் தண்ணீர் கீழே இறங்கும். இதைச் சரிசெய்வது மேல்வீட்டு உரிமையாளர், கீழ்வீட்டு உரிமையாளர் இருவரின் கூட்டுப் பொறுப்பு. வீவகவிடம் சொன்னால் ஆள் வந்து பார்ப்பார்கள். நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின் கீழ் செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதிப் பாதியை இரு உரிமையாளர்களும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், அதாவது மொத்தச் செலவில் ஆளுக்குக் கால் பங்கு. இந்தக் கணக்கில் குடியிருப்பவர் எங்கேயும் வருவதில்லை. என் வீட்டுக்காரரோ அதை வாடகையோடு சேர்க்கப் பார்த்தார். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டியபின் பேச்சை மாற்றிவிட்டார். எனவே கறை தெரிந்த அன்றே தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வெறும் போன் பேச்சுக்கு அத்தாட்சி கிடையாது.

சரி, இந்த நகர மன்றங்களை யார் கேட்பது? இவை 1989 வாக்கில் பரவலாக வந்தபோதே, பேட்டையைப் பராமரிக்கும் வேலையை அங்கே ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையில் கொடுத்துவிட்டார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்தான் உங்கள் மின்தூக்கிக்கும் பதில் சொல்ல வேண்டும். ஊரில் கவுன்சிலர் வேலையை எம்.பி. பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம், நமக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான். மாதாமாதம் உரிமையாளர்கள் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை நகர மன்றம் பெரிய பழுதுகளுக்காகத் தனி நிதியில் ஒதுக்க வேண்டும், மின்தூக்கி மாற்றுவதற்கும் தனியாக. ஆண்டுதோறும் தணிக்கையான கணக்கு நாடாளுமன்றத்துக்குப் போகும். 2017இல் சட்டத்தைத் திருத்தியபின், சந்தேகம் வந்தால் நேரே விசாரிக்கும் அதிகாரம் தேசிய வளர்ச்சி அமைச்சுக்கு வந்துவிட்டது.

அந்த அமைச்சு வெளியிடும் நகர மன்ற நிர்வாக அறிக்கையை வீடு தேடும்போதே ஒருமுறை பாருங்கள். துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை, நிர்வாகம் என்று ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டிருப்பார்கள். வாடகைக்கு வருகிறவருக்கு நிலுவை நிறம் பெரிதில்லை. நான் மின்தூக்கியின் நிறத்தைத்தான் பார்ப்பேன். பன்னிரண்டாவது மாடிக்கு அரிசி மூட்டையோடு ஒரு தடவை ஏறியவன் சொல்கிறேன்.

மின்தூக்கிக்கு இன்னொரு காவலும் உண்டு. 2016 முதல் ஒவ்வொன்றுக்கும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் இயக்க அனுமதி வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் தேதி போட்டிருக்கும். பழைய புளோக் என்றால் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறதா என்று நேரில் ஏறிப் பாருங்கள். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில் பெரும்பாலானவை மாறிவிட்டன, எல்லாமே அல்ல.

கையெழுத்துப் போடும் முன் இன்னும் இரண்டு. வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது, "இரண்டு மாசம் தங்கிக்கோங்க" என்றால் நழுவிவிடுங்கள். அப்புறம், வாடகைக்கு விட அனுமதி பெற்ற வீடுதானா என்று வீவக இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிவந்தபின் நம்மவர்கள் முதலில் மாட்டுவது செருப்பு அலமாரியில்தான். நடைவழி நகர மன்றத்துடையது. தீ விபத்தில் ஆட்கள் இறங்கி ஓட 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். மார்கழியில் வாசலில் நான் போட்ட கோலத்தை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துளசிச் செடித் தட்டில் தேங்கிய தண்ணீருக்குத்தான் கொசு ஒழிப்பு அதிகாரி கதவைத் தட்டினார். அலமாரி வாங்கப் போகும் முன் டேப் எடுத்து நடைவழியை அளந்துகொள்ளுங்கள்.