மூன்று மாத முன்பணம் இரண்டானது எப்படி

நெதர்லாந்தின் ஆம்ஸ்டெல்வேன் நகரில் அமைதியான தெரு ஒன்றில் எங்களுக்குப் பிடித்துப்போன வீட்டுக்கு, மூன்று மாத வாடகையை முன்பணமாகவும் அதற்கு மேல் தரகுக் கட்டணமும் கேட்டார்கள். அந்நாட்டில் 2023 ஜூலை 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில் முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகையை (மின்சாரம், பராமரிப்பு போன்ற கூடுதல் கட்டணங்கள் சேராத வாடகை) தாண்டக் கூடாது. வீட்டு உரிமையாளருக்காக வேலை செய்யும் தரகர் குடிவருபவரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. இவ்விரண்டையும் சுட்டிக்காட்டிப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. வாடகை முறைகேடுகளுக்கென ஒவ்வொரு நகராட்சியும் வைத்திருக்க வேண்டிய புகார்ப் பிரிவுக்கு ஒப்பந்த நகலுடன் எழுதப்போவதாக அடுத்த மடலில் தெரிவித்த பிறகே திருத்திய ஒப்பந்தம் வந்தது (பணிவுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா).

சாவி வாங்கிய அன்றே, மரத்தரையின் கீறல்களையும் குளியலறைச் சிலிக்கான் ஓரத்துக் கரும்பூஞ்சையையும் படமெடுத்து, வீட்டின் நிலையைப் பதியும் அறிக்கையில் இணைக்கச் செய்தேன்; காலி செய்யும்போது முன்பணத்தில் கைவைக்க அவைதான் வழக்கமான சாக்கு.