ஓநாயின் பல்லைக் காட்டாதீர்கள்: ரெட் ரைடிங் ஹூட் காட்சியை வாட்டர் கலரில் வரைய

காட்டில் சிவப்பு முக்காடு போட்ட சிறுமியை ஓநாய் சந்திக்கும் இடத்தை வரையும் பலர், முதல் வேலையாக ஓநாய்க்குக் கோரைப்பல் வைத்துவிடுகிறார்கள். படம் அங்கேயே கெட்டுவிடுகிறது. கதையில் அது இனிக்க இனிக்கத்தானே பேசுகிறது? சிறுமிக்குப் பயமே இல்லை. பயம் பார்ப்பவருக்கு வர வேண்டும். அதனால் வாயை மூடியே வரையுங்கள். தலை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், பாதி உடல் மரத்துக்குப் பின்னால் மறையட்டும், நிழல் மட்டும் பாதையின் குறுக்கே விழட்டும்.

தாள் ஏ4 அளவு, 300 ஜி.எஸ்.எம். தடிமன். அதைத் தொடுவதற்கு முன், வேறொரு தாளில் 5 செ.மீ.க்கு 7 செ.மீ. கட்டங்களில் நான்கைந்து சின்ன ஸ்கெட்ச் போடுங்கள். வெளிர், நடுத்தரம், கருமை என்று பென்சிலில் மூன்றே அழுத்தம். மூட் இங்கேதான் முடிவாகிறது. 1862-இல் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே இந்தக் கதைக்குச் செய்த மரச்செதுக்குப் படங்களில் சிவப்பே கிடையாது. ஒளியும் இருளும்தான் வேலை செய்கின்றன.

மர உச்சிகள் சட்டத்துக்குள் தெரியக் கூடாது. அடிமரங்கள் மேலிருந்து கீழ்வரை ஓடினால் காடு கம்பிக்கூண்டாகிவிடும். சிறுமியின் உயரம் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

சிவப்பு முக்காட்டில் மட்டும்தான். காளானிலோ ஓநாயின் நாக்கிலோ ஒரு பொட்டு வைத்தாலும் கண் அலைந்துவிடும், அடையாளம் வலுவிழக்கும். கிரிம் சகோதரர்கள் சொன்ன வடிவில் சிறுமியைப் பாதையிலிருந்து இழுப்பவை பூக்கள். அவற்றை வெள்ளையாக, ஓநாய் நிற்கும் பக்கம் வையுங்கள்.

முக்காட்டின் இடத்தில் மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் படாமல் தாளைக் காத்து, பிறகு உரிந்துவரும் திரவம்) பூசிக் காயவிடுங்கள். பிறகு தாளை நனைத்து, அல்ட்ராமெரின் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்து, நிறைய நீர் விட்டுப் பனிமூட்டம் போடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் தூரத்து மரங்கள். அது காய்ந்ததும் அடுத்த வரிசை, இன்னும் அடர்த்தியாக. முன்மரங்களுக்கும் இதே இரண்டு நிறங்களைக் கெட்டியாகக் கலந்தால் போதும். டியூபில் வரும் கறுப்பு, தாளில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும்.

மாஸ்கிங்கை ஹேர் டிரையரால் காய வைக்க வேண்டாம். சூட்டில் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் கிழிக்கும். மாஸ்கிங்கை உரித்துவிட்டு, சிவப்பைக் கடைசியில் பூசுங்கள். பக்கத்து நிறம் ஈரமாக இருந்தால் இரண்டும் கலந்து சேற்றுப் பழுப்பாகும்.

முடிந்ததும் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முக்காடு மரங்களோடு கரைந்துபோனால் பின்னணி கருத்துவிட்டது என்று பொருள். ஈரப் பிரஷால் சுற்றிலும் மெதுவாகத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி, பனிமூட்டத்தை வெளுக்கச் செய்யுங்கள்.