பாராசூட் ரிக்குக்குப் பயண உறை: தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணத்துக்காக ஸ்கைடைவிங் ரிக்குக்கு (பாராசூட்டுகள் அடங்கிய பையும், அதை உடலோடு கட்டும் ஹார்னஸ் வார்களும்) வீட்டிலேயே உறை தைப்பவர்கள் மழை, அழுக்கு, இடிபடுவது என்று வெளியிலிருந்து வருவதையே யோசிக்கிறார்கள். ரிக்கைக் கெடுப்பது பல சமயம் உறையின் உள்பக்கம்தான்.

முதல் குற்றவாளி வெல்க்ரோ. அதன் சொரசொரப்பான பக்கம் வார்களில் உரசிக்கொண்டே இருந்தால் நைலான் இழைகளைக் கிளப்பிப் பஞ்சாக்கிவிடும். பல ரிக்குகளில் கட்அவே பிடியை (பிரதான பாராசூட்டைக் கழற்றிவிட இழுக்கும் பிடி) இடத்தில் நிறுத்தி வைத்திருப்பதும் வெல்க்ரோதான். உறையின் வெல்க்ரோ போய் அதில் ஒட்டிக்கொண்டால், உறையைக் கழற்றும்போது பிடியும் கையோடு வந்துவிடலாம். வெல்க்ரோ போட்டே ஆக வேண்டும் என்றால் மேல்மூடியின் அடியில் மெத்தென்ற பக்கத்தையும், உறையின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான பக்கத்தையும் தையுங்கள். என்னைக் கேட்டால், பிளாஸ்டிக் பக்கிள் போதும்.

உலோகப் பல் ஜிப்பும் இதே ரகம். நைலான் ஜிப் வாங்கி, அதன் உள்பக்கம் நெடுக ஒரு துணிப்பட்டை வைத்துவிட்டால் எதுவும் மாட்டாது. நைலான் துணியின் ஓரம் பிரியாமலிருக்க லைட்டரால் உருக்குவார்கள் அல்லவா, அங்கே விரலை ஓட்டிப் பாருங்கள்: உருகி இறுகிய சின்னச் சின்ன முடிச்சுகள் நறநறவென்று தட்டுப்படும். அதை அப்படியே விடாமல் நாடா வைத்து மூடித் தைக்க வேண்டும்.

அடுத்து அளவு. பாராசூட் மடித்து வைக்கப்பட்ட ரிக்கைத்தான் அளக்க வேண்டும். காலியாக இருப்பதை அளந்தால் உறை இறுகிவிடும். இறுகிய உறை, பாராசூட் பையை மூடி வைத்திருக்கும் உலோகப் ‘பின்’னை அழுத்தும், நகர்த்தும். ரிசர்வ் (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்) பின்னில் கட்டியிருக்கும் சீல் நூல் அறுந்தால், ரிசர்வை மடித்து சீல் வைக்கும் ரிக்கரிடம் போகாமல் குதிக்க முடியாது. அதற்காகத் தொளதொளவென்றும் தைக்காதீர்கள். ஹார்னஸை முதுகுப் பக்கமாக மடித்து, பிடிகள் எல்லாம் உள்ளே அடங்கியபின் அளந்து, சுற்றிலும் 3 செ.மீ. தளர்வு விட்டால் சரி. பொருத்திப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் குண்டூசிகளோடு வேண்டாம். ஒன்று உள்ளே தங்கினாலும் பாராசூட் துணிக்கு ஆபத்து.

துணிக்கு 500 டெனியர் (இழையின் தடிமன் அளவு) கார்டுரா என்ற முரட்டு நைலான் தாராளம். 1000 டெனியரில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் வீட்டு மெஷின் திணறும். 100 அல்லது 110 எண் ஊசி, பாலியஸ்டர் நூல், 3 முதல் 4 மி.மீ. தையல். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்து பொடிப்பொடியாகத் தைத்தால் துணி தபால்தலை ஓரம் போலக் கிழியும். தூக்கும் கைப்பிடியை மேல்துணியில் மட்டும் தைக்காமல், பட்டை உறையின் அடிப்பக்கம் வரை சுற்றி வரட்டும். எடை முழுக்க அதில்தான் தொங்கும்.

விமான நிலையத்தில் திறந்து காட்டச் சொல்வார்கள், ஆகவே சட்டென்று முழுதாகத் திறக்கும்படி இருக்க வேண்டும். ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவிக்கு எக்ஸ்ரேயால் பாதிப்பில்லை. கருவியோடு வரும் எக்ஸ்ரே அட்டையை வைக்க, வெளியே தெரியும்படி ஒரு பை தைத்துவிடுங்கள். அப்புறம், ரிக்கை உங்களோடு விமானத்துக்குள் கொண்டுபோவதாக இருந்தால், ஹார்னஸில் செருகியிருக்கும் ஹூக் கத்தியை (சிக்கிய கயிறுகளை அறுக்கும் வளைந்த கத்தி) மறக்காமல் எடுத்து, செக்-இன் செய்யும் பெட்டியில் போடுங்கள்.