பையன் ‘ஏரியா அண்ணன்’ பக்கம் சாய்கிறானா? பெற்றோரும் காவலரும் செய்ய வேண்டியவை

சென்னையில் எந்த ரவுடிக் கும்பலும் பதினைந்து வயதுப் பையனிடம் எடுத்த எடுப்பில் கத்தியைக் கொடுப்பதில்லை. முதலில் பிரியாணி வாங்கித் தரும். அடுத்து ஒரு ரவுண்டு அடிக்க பைக், பழைய போன், ரீசார்ஜ். கொஞ்ச நாள் கழித்து, “இந்தக் கவரை அந்த டீக்கடைல குடுத்துட்டு வாடா” என்று ஒரு சின்ன வேலை. “உனக்கு இன்னும் பதினெட்டு ஆகல, உள்ள போனாலும் சீக்கிரம் வெளிய வந்துடலாம்” என்ற ஆசை வார்த்தையும் கூடவே வரும். பிரியாணிக்கும் கவருக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் பையனை மீட்பது சுலபம்.

வீட்டில்

பையைக் குடைவதைவிட வரவு செலவைக் கணக்குப் பாருங்கள். நீங்கள் கொடுத்தது எவ்வளவு, அவன் கையில் இருப்பது என்ன? “ஃபிரெண்டோடது” என்று ஒரு போன் வாரக்கணக்கில் வீட்டிலேயே இருந்தால் அது கடன். நம்பர் பிளேட் இல்லாத பைக், ராத்திரி போன் வந்ததும் மாடிக்கு ஓடுவது, வெயிலிலும் முழுக்கை சட்டை, பாக்கெட்டில் காலி மாத்திரை அட்டை: இவற்றில் இரண்டு சேர்ந்தால் தள்ளிப் போடாதீர்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இருப்பதால், கையைப் பார்ப்பது அவசியம். போதைப் பழக்கம் தெரிந்தால் மீட்பு ஆலோசனைக்கு 14446.

தெருமுனையில் நண்பர்கள் முன்னால் அடிக்காதீர்கள். அந்த அவமானத்துக்கு மருந்து போட அன்றைக்கே ‘அண்ணன்’ வந்து நிற்பார். சாப்பிட்டு முடித்த பிறகு, தனியாக, “யாருக்கு என்ன தரணும்?” என்று மட்டும் கேளுங்கள். கடன் என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி தூரம் வந்தாயிற்று.

போனையோ பைக்கையோ திருப்பித் தருவது பையன் வேலையல்ல. அப்பாவோ மாமாவோ, ஏரியாவில் மரியாதை உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பகலில் போய்க் கொடுக்க வேண்டும். வாக்குவாதம் வேண்டாம். மிரட்டல் வந்தால் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிவிடுங்கள்.

ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பதினைந்து நாளில் திரும்பி வந்து அதே முனையில் நிற்பான், ஏனென்றால் மாலை நான்கு முதல் எட்டு மணி வரை அவனுக்கு வேறு இடம் இல்லை. அந்த நேரத்தை நிரப்புங்கள். காவல்துறையின் சிறுவர் சிறுமியர் மன்றம் பக்கத்தில் இருந்தால் சேர்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் தவறியவன்தான் அதிக ஆபத்தில் இருப்பவன்: அதே ஆண்டு துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள், இல்லையேல் ஐ.டி.ஐ. பாருங்கள். எட்டாவது முடித்தவர்களுக்கும் அங்கே பிரிவுகள் உண்டு.

காவல் நிலையத்தில்

சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 107-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தை நல காவல் அலுவலர் இருக்க வேண்டும். வழக்கு வரும் முன்பே அவரைப் போய்ப் பாருங்கள்.

ஏரியாவில் ரோந்து வரும் பீட் காவலர்களுக்கு: பேச வேண்டுமென்றால் சாதாரண உடையில் வீட்டுக்குப் போங்கள். திருவிழாவுக்கு முந்தைய நாள் ஏரியாப் பசங்களை மொத்தமாக வேனில் ஏற்றினால், சும்மா நின்றவனும் கும்பல்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நண்பர்களாகிறார்கள். சிறுவனைச் செல்போனில் படம் எடுத்துப் பரப்புவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. பிடிக்க வேண்டியது பையனை ஏவியவரை. குழந்தையைக் குற்றத்துக்கு அமர்த்தினால் பாரதிய நியாய சன்ஹிதா (இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 95-ஆம் பிரிவில் 3 முதல் 10 ஆண்டு சிறை. போதைப்பொருளைக் கொண்டுபோகச் செய்தால் சிறார் நீதிச் சட்டம் 78-இல் 7 ஆண்டு வரை. இவை இருக்க, சிறுவன்மேல் மட்டும் வழக்கு எழுதி முடிப்பது ஏவியவரைத் தப்பவிடுவதாகும்.

பிடிபட்டுவிட்டால்

சிறார் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் அல்லாதவற்றில் சிறுவன்மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கை அனுப்புவார்கள். ஆனால் பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமென்றால் எஃப்.ஐ.ஆர். உண்டு. ‘அண்ணன்’ பக்கத்தில் நின்றதற்கே இப்படி ஒரு விலை என்பதைப் பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

விலங்கு மாட்டக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

வக்கீலை ‘அண்ணன்’ அனுப்பிவைத்தால் மறுத்துவிடுங்கள். அந்தக் கட்டணம் பையன் தலையில் வாழ்நாள் கடனாக ஏறும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் அழைத்தால் இலவச வக்கீல் கிடைப்பார். ஜாமீனுக்கு நீங்களே கையெழுத்துப் போடுங்கள். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான் என்று தோன்றினால் சிறார் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி குழுமம் ஜாமீனை மறுக்கலாம். அதனால் ஏரியாவுக்கு வெளியே, சித்தி வீடோ பெரியப்பா வீடோ, அவன் தங்கப்போகும் முகவரியையும் அங்கே சேரப்போகும் பள்ளி அல்லது ஐ.டி.ஐ. விவரத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.