கல்லடி மணலிலிருந்து ஆசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டிக்குத் தயாராகும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ மாலை நேரத்தில் கடற்கரைப் பக்கம் போனால் கரப்பந்தோ கபடியோ ஆடும் பிள்ளைகளைக் காணலாம். அந்த ஆட்டங்களுக்கென்றே நாடுகள் அணிகளை அனுப்பும் சர்வதேசப் போட்டிகள் இருக்கின்றன என்று சொன்னால், என்னிடம் பயில வருவோரில் பலர் இன்னமும் வியப்போடுதான் கேட்கிறார்கள். ஆசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டி 2008இல் இந்தோனேசியாவின் பாலித்தீவில் தொடங்கியது. பின்னர் 2010இல் மஸ்கட்டிலும், 2012இல் சீனாவின் ஹையாங்கிலும், 2014இல் தாய்லாந்தின் புக்கெட்டிலும், 2016இல் வியட்நாமின் டா நாங்கிலும் நடைபெற்றது. சான்யா நகருக்கு 2020இல் குறிக்கப்பட்டிருந்த ஆறாவது போட்டி, கொரோனாப் பெருந்தொற்றினால் தள்ளிப்போய், 2026 ஏப்ரலுக்கு மாற்றப்பட்டது. உலகக் கடற்கரை விளையாட்டுப் போட்டி 2019இல் டோஹாவில் நடந்தது. நம் நாட்டிலேயே, 2011 ஒக்டோபரில், அம்பாந்தோட்டையில் முதலாவது தெற்காசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டி நடத்தப்பட்டது. கரையோரக் கழகமொன்று இவற்றை இலக்காக வைத்து எப்படித் தயாராகலாம் என்பதைப் பயிற்றுநர்களுக்கும் கழகப் பொறுப்பாளர்களுக்குமாக எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைத் தெரிவு செய்யுங்கள். இப்போட்டிகளில் கரப்பந்தாட்டம், கபடி, கைப்பந்து, உதைபந்தாட்டம், திறந்த கடல் நீச்சல் எனப் பல பிரிவுகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே கழகம் தொடங்கினால் ஒன்றும் தேறாது. இரண்டு நல்ல வீரர்கள் மட்டுமே இருந்தால் கரப்பந்தாட்டம் போதும், ஏனெனில் கடற்கரைக் கரப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு இருவர்தான், மாற்று வீரரும் இல்லை. உடற்கட்டுள்ள பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தால் கபடியை எடுக்கலாம். மணல் கபடியில் ஒரு பக்கத்துக்கு நான்கு பேரே களத்தில் நிற்பர். மைதானக் கபடியில் ஏழு பேர் நிற்கும் இடத்தில் நால்வர் நிற்பதால், ஒருவர் வெளியேறினாலும் கைகோர்த்து நிற்கும் தடுப்புச் சங்கிலி அறுந்துவிடும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே உணர்த்த வேண்டும். நான் அதிகம் அறிந்தது கரப்பந்தாட்டம் என்பதால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

களம் அமைப்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். எங்கள் அணியை முதன்முறை வெளியூர்ப் போட்டியொன்றுக்கு அழைத்துச் சென்றபோது, அதுவரை கண்ணளவில் கோடு கிழித்து ஆடிப் பழகிய என் பிள்ளைகள் அடித்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விழுந்தன. எங்கள் களம் சரியான அளவைவிட ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமாக இருந்தது என்பது ஊர் திரும்பி அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்று தோற்றது பிள்ளைகள் அல்ல, அளக்காமல் விட்ட நான். களத்தின் நீளம் 16 மீற்றர், அகலம் 8 மீற்றர். நான்கு பக்கமும் குறைந்தது 3 மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். மூலைகள் செங்கோணமாக அமைந்தனவா என்று பார்க்க ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நாடா பிடியுங்கள். 17 மீற்றர் 89 சென்ரிமீற்றர் வந்தால் களம் சரி. எல்லைக்கு 5 சென்ரிமீற்றர் அகலமுள்ள பட்டியைக் கட்ட வேண்டும். வலையின் கீழே நடுக்கோடு கிடையாது.

வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். கம்பம் மணலில் நிற்காது என்று பலர் முறையிடுவதுண்டு. சீமெந்து வேண்டியதில்லை. வெற்று உரப்பையொன்றில் ஈர மணலை நிரப்பி, வாயைக் கட்டி, நடுவில் நைலோன் கயிற்றைச் சுற்றி, முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டிய குழியில் குறுக்காகப் புதையுங்கள். கயிறு வெளியேறும் பக்கம் மட்டும் சரிவாக ஒரு சால் வெட்டி விட்டு, மணலைத் தள்ளி, தண்ணீர் ஊற்றி மிதித்தால், கம்பத்தை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அந்தப் பை அசையாது. ஒரு கம்பத்துக்கு இரண்டு பைகள் வைத்துக் கட்டிய எங்கள் வலை, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றடித்த நாட்களிலும் தளரவில்லை.

மணல் குறைந்தது 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மிருதுவாக இருக்க வேண்டும். சிப்பி, கண்ணாடித் துண்டு, பழைய தூண்டில் முள் ஆகியவற்றை ஒவ்வொரு காலையும் வாரிப் பொறுக்குங்கள். நண்டு வளைகளை மூடி மிதியுங்கள், கணுக்கால் புரளுவது பெரும்பாலும் அவற்றில்தான். களத்துக்காக அடம்பன் கொடியைப் பிடுங்காதீர்கள். கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட நாவலடிக்கும் கல்லடிக்கும் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும் இடத்தில் கம்பம் நடுவதற்கு முன்னர் அந்த மீனவர் வாடிக்குச் சென்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் வலை வளைக்கும் நேரத்தை அறிந்து உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களுடைய பிழைப்பு முதலில், நமது ஆட்டம் பிறகு.

களத்தின் நீளப்பக்கம் வடக்கு தெற்காக அமைவது நல்லது. நமது கரை ஏறத்தாழ அந்தத் திசையிலேயே ஓடுவதால், கரையோடு ஒட்டியவாறு களம் போட்டாலே காலையில் கடலிலிருந்து எழும் சூரியன் எந்த அணிக்கும் நேர்முகமாக நிற்காது. ஆனால் அவ்வாறு போடும்போது காற்று பக்கவாட்டில் வீசும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும், கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்த காற்று மேற்கிலிருந்தும் வரும். இதைக் குறையாகக் கருதாமல் பாடமாக்குங்கள். ஒரே வீரர் ஒரே இடத்திலிருந்து இருபது பணிப்பந்துகளைப் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு விலகி விழுகிறது என்பதை மணலில் குச்சியால் குறித்துப் பார்க்கட்டும். காற்றைப் பற்றி வாயால் பத்து நாள் சொல்வதைவிட, அந்த இருபது குறிகளைப் பார்க்கும்போது பிள்ளைக்கு விளங்கிவிடும். மூன்று செற்களில் முதலிரண்டும் 21 புள்ளிகளுக்கும் மூன்றாவது 15 புள்ளிகளுக்கும் ஆடப்படுகின்றன. முதலிரண்டில் ஏழு புள்ளிக்கு ஒரு தடவையும் மூன்றாவதில் ஐந்துக்கு ஒரு தடவையும் பக்கம் மாறுவர். காற்றும் வெயிலும் இரு அணிக்கும் சமமாகப் பகிரப்படுவதற்கான ஏற்பாடே இது.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளரங்கப் பந்தைக் கொண்டு பழகாதீர்கள். கடற்கரைப் பந்தின் காற்றழுத்தம் 2.5 முதல் 3.2 பி.எஸ்.ஐ வரைதான், உள்ளரங்கப் பந்தில் அது 4.2க்கு மேல் இருக்கும். அழுத்தம் குறைந்த பந்து கையில் சற்றுத் தங்கிச் செல்வதால், கைவிரல்களின் பழக்கமே மாற வேண்டியிருக்கிறது. சைக்கிள் கடையில் அழுத்தமானி உள்ள பம்பு கிடைக்கும், அதில் ஒன்றை வாங்கி வையுங்கள்.

விதிகளிலும் மைதானத்து ஆட்டத்திலிருந்து வேறுபாடுகள் உண்டு. விரித்த விரல்நுனியால் பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடுவது இங்கு பிழையாகும், மடக்கிய விரல்மூட்டுகளாலோ விறைத்த கையாலோதான் அதைச் செய்யலாம். வலையில் தடுக்கும்போது பந்து கையில் பட்டால் அது மூன்று தொடுகைகளில் ஒன்றாகக் கணக்கிடப்படும். இவை இரண்டையும் மறந்து புள்ளிகளை இழக்கும் நல்ல ஆட்டக்காரர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வலையருகில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டும் முறையையும் ஆரம்பத்திலேயே பழக்குங்கள். ஒரு விரல் என்றால் கோட்டோரம் நேராக வரும் அடியைத் தடுப்பேன் என்றும், இரண்டு விரல் என்றால் குறுக்கே வரும் அடியைத் தடுப்பேன் என்றும் பொருள். பின்னால் நிற்பவர் அதைக் கண்டு மறுபக்கத்தைக் காக்க வேண்டும்.

உடலைத் தயார்ப்படுத்துவதில் அவசரம் கூடாது. மணலில் கால் புதைவதால் குதி நரம்பும் கெண்டைக்கால் தசையும் அதிகம் இழுபடும். முதல் இரண்டு வாரங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இருபது நிமிடம் போதும். அடி எடுத்து வைப்பது சிறிதாகவும் அடுக்கடுக்காகவும் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் மணல் பாதத்தைச் சுட்டுவிடும். தண்ணீரை மட்டும் குடித்து மயங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நீண்ட பயிற்சி நாட்களில் ஜீவனிப் பொதியொன்றை (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கலவை) அதன் உறையில் சொல்லப்பட்ட அளவு நீரில் கரைத்து வைத்திருங்கள். இளநீர் கிடைத்தால் அதுவும் நல்லது.

கடல் நீச்சலை எடுப்பவர்களுக்குப் பாசிக்குடாவைவிடப் பொருத்தமான இடம் நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் இல்லை. ஆழம் மெதுவாகவே கூடும், அலையும் குறைவு. ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையான காலமே பயிற்சிக்கு உகந்தது. மாரி தொடங்கிவிட்டால் நீச்சலை நிறுத்தி உடற்பயிற்சிக்கு மாறிவிடுங்கள். எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்திக் கரையிலுள்ள உயரமான ஒரு மரத்தையோ கட்டடத்தையோ பார்த்துத் திசையைச் சரிசெய்யும் பழக்கத்தை வளர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 5 கிலோமீற்றர் நீந்த வேண்டியவர் அதைவிடக் கூடிய தூரம் நீந்திக் களைத்துவிடுவார். தனியாக எவரையும் இறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு தோணி கட்டாயம் வர வேண்டும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பதைக் கரையிலேயே பலமுறை சொல்லிக் கொடுங்கள். வாவி அமைதியாக இருக்கிறதே என்று அங்கே பழக இறங்க வேண்டாம், மட்டக்களப்பு வாவியில் முதலைகள் உண்டு. அலைச்சறுக்கில் விருப்பமுள்ளோர் பொத்துவில்லுக்கு அருகிலுள்ள அறுகம்குடாவை நாட வேண்டும். மே முதல் ஒக்டோபர் வரை அங்கு அலை நன்றாக இருக்கும்.

தெரிவுக்கான பாதை பிரதேச செயலகத்திலிருந்து தொடங்குகிறது. உங்கள் கழகத்தை அங்கே பதிவு செய்து, விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்துப் போட்டி நாட்காட்டியைக் கேட்டு வையுங்கள். பிரதேசம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். சர்வதேசப் போட்டிக்கான தெரிவை அந்தந்த விளையாட்டின் தேசிய சம்மேளனம் நடத்துகிறது. ஆசியப் போட்டிக்கு அணியை அனுப்புவது இலங்கை தேசிய ஒலிம்பிக் குழு. சம்மேளனத்தின் அறிவித்தல் தானாக ஊருக்கு வந்து சேரும் என்று காத்திருக்காமல், மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்களே விசாரியுங்கள். கடிதங்களைத் தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதி, அனுப்பியதற்கான பிரதியைக் கோப்பில் வைத்திருங்கள்.

தெரிவாகக்கூடிய பிள்ளைகள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட வேண்டி வரும். ஜிம்மில் விற்கும் மாவையோ, பெயரில்லாத மூலிகைத் தூளையோ, வைத்தியரிடம் காட்டாத இருமல் மருந்தையோ எடுக்க வேண்டாம் என்று பெற்றோரையும் வைத்துச் சொல்லுங்கள். கடவுச்சீட்டுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும் பாடசாலைச் சான்றிதழில் வேறோர் எழுத்துமாகப் பெயர் இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே அநேகர். வயதுப் பிரிவுப் போட்டிகளில் அந்த ஓர் எழுத்தே தடையாகிவிடுவதுண்டு. ஆகவே பிள்ளை கழகத்தில் சேரும் நாளிலேயே இரண்டு சான்றிதழ்களையும் வாங்கி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து, எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.