மூன்று கோட் போதும்: மேஜர் ஸ்கேல் மெட்டுக்கு இடது கை வாசிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கீபோட் பழகுகிற பிள்ளைகள் பலர் சங்கீத வகுப்பு வழியாக வருகிறவர்கள். ஒரு பாட்டைக் கேட்டால் ஸ்வரம் பிடித்து வலது கையில் வாசித்துவிடுவார்கள். இடது கை மட்டும் மடியில் சும்மா கிடக்கும். பரிசளிப்பு விழாவுக்கோ தேவாலயப் பாடகர் குழாமுக்கோ வாசிக்கக் கூப்பிட்டால் அங்கேதான் இடிக்கும். ஸ்வரம் தெரிந்தவருக்கு கோட் (chord, சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடிப்பது பெரிய வேலையே இல்லை.

1. மெட்டு எந்த ஸ்வரங்களில் போகிறது?

சங்கீத வகுப்பின் முதல் பாடமான சரளி வரிசை பழகியது மாயாமாளவகௌளை ராகத்தில். கீபோட்டின் சி (C) கட்டையை ஸ ஆக வைத்தால் அதில் ரியும் தவும் கறுப்புக் கட்டையில் விழும். நமக்கு வேண்டியது 29ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணம். ஏழும் வெள்ளைக் கட்டை. அதுதான் சி மேஜர். கீழே சொல்வதெல்லாம் இதற்குத்தான். மாயாமாளவகௌளைப் பாட்டுக்கு இதை அப்படியே போட்டால் ப கோட் கோணலாகக் கேட்கும்.

இன்னொன்று. கமகத்தோடு பாடும் கீர்த்தனைக்கு கோட் வைக்கப் போகாதீர்கள். மேலே ஸ்வரம் அசைந்துகொண்டிருக்க, கீழே கோட் அசையாமல் நின்றால் இரண்டும் ஒட்டாது. முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டு ஸ்வரங்கள் வேறு கதை. மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் சாகித்தியம் (பாடல் வரிகள்) செய்தவை அவை. ஸ்வரங்கள் நேராக நிற்கும். பழகுவதற்கு அருமையானவை.

2. மூன்று கோட்

ஒரு ஸ்வரத்தை எடுங்கள், அடுத்ததை விடுங்கள், அதற்கடுத்ததை எடுங்கள். இப்படி மூன்று சேர்ந்தால் ஒரு கோட்.

ஸ கோட் (சி மேஜர்): ஸ க ப
ம கோட் (எஃப் மேஜர்): ம த மேல் ஸ
ப கோட் (ஜி மேஜர்): ப நி மேல் ரி

ஏழு ஸ்வரமும் இதற்குள் வந்துவிட்டன. க வந்தால் ஸ கோட். ம, த வந்தால் ம கோட். ரி, நி வந்தால் ப கோட். ஸவும் பவும்தான் இரண்டு வீட்டுப் பிள்ளைகள்: ஸ என்றால் ஸ கோட்டும் பொருந்தும், ம கோட்டும் பொருந்தும், ப என்றால் ஸ கோட் அல்லது ப கோட்.

3. எல்லா ஸ்வரத்துக்கும் கோட் மாற்றாதீர்கள்

புதிதாகப் பழகுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். ஸ்வரத்துக்கு ஒரு கோட் என்று போட்டால் பாட்டு ஓடாது, நொண்டும். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கோட் போதும். தட்டு விழும் முதல் ஸ்வரத்தையும், நீண்டு நிற்கும் ஸ்வரத்தையும் பாருங்கள். இடையில் ஓடிப்போகிறவை கோட்டில் இல்லாவிட்டாலும் காது பொறுத்துக்கொள்ளும்.

ஒரு சின்ன மெட்டில் பார்ப்போம் (காற்புள்ளி வந்தால் முன் ஸ்வரத்தை ஓர் எண்ணிக்கை நீட்டுங்கள்):

ஸ ரி க ப | த , ப ம | ரி க ரி (கீழ்)நி | ஸ , , ,

முதல் பகுதி ஸவில் தொடங்குகிறது. ஸ கோட்டா, ம கோட்டா? பின்னால் க, ப வருகின்றன. இரண்டும் ஸ கோட்டில் உள்ளவை, ம கோட்டில் இல்லாதவை. ஆகவே ஸ கோட். ரி வழிப்போக்கு, விடுங்கள்.

இரண்டாவதில் த நீண்டு நிற்கிறது, கடைசியில் ம. யோசிக்கவே தேவையில்லை, ம கோட்.

மூன்றாவதில் ரி தட்டில் விழுகிறது, நியில் முடிகிறது. ப கோட். இங்கே ஒருமுறை வேண்டுமென்றே ஸ கோட்டை அழுத்திப் பாருங்கள். நி வந்ததும் கரகரவென்று இடிக்கும். அந்த இடிப்பைக் காது பிடித்துக்கொண்டால் பிறகு அட்டவணை தேவைப்படாது.

நான்காவதில் ஸ. இங்கேயும் ம கோட் பொருந்தும்தான், ஆனால் பாட்டு முடிந்த மாதிரி இராது. ப கோட்டிலிருந்து ஸ கோட்டுக்கு வந்தால்தான் வீடு வந்து சேர்ந்த நிறைவு கிடைக்கும். முடிவு என்றால் பெரும்பாலும் இதையே வையுங்கள்.

4. விரல்

கையைத் தூக்கித் தூக்கி வைத்தால் தாளம் தவறும். ஸ கோட்டில் சுண்டுவிரல் ஸ, நடுவிரல் க, பெருவிரல் ப. ம கோட்டுக்குச் சுண்டுவிரல் ஸவிலேயே நிற்கட்டும். கவில் இருந்தது மவுக்கும் (இதற்கு ஆள்காட்டிவிரல் வசதி), பவில் இருந்தது தவுக்கும் ஒரு கட்டை ஏறினால் போதும். ப கோட்டுக்குப் பெருவிரல் பவில் நிற்க, சுண்டுவிரலும் நடுவிரலும் ஒரு கட்டை இறங்கி கீழ் நி, ரி. அடுக்கு மாறினாலும் கோட் அதேதான். மெட்டைத் தொடாமல், இடது கையால் மட்டும் ஸ–ம–ப–ஸ என்று மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பழகுங்கள். வலது கை மெட்டை ஒரு ஸ்தாயி மேலே வையுங்கள், கைகள் முட்டாது.

5. கொஞ்சம் அழகுக்கு

இதே மெட்டை இரண்டாம் தடவை வாசிக்கும்போது, ம கோட் இருந்த இடத்தில் டி மைனரை (ரி ம த) வையுங்கள். தவும் மவும் அதிலும் உண்டு. சாயல் மட்டும் சற்று வாடும். என்னைக் கேட்டால் ப கோட்டுக்கு முன்னால் இதுதான் இன்னும் வடிவு. ஏ மைனர் (த ஸ க) ஸ கோட்டுக்குப் பதிலாக நடுவில் வரலாம், முடிவில் வேண்டாம்.

6. பாடுகிறவரின் சுருதி

இங்கே கட்டை என்பது பாடுகிறவரின் சுருதி அளவு. பாடுகிறவர் ஐந்து கட்டை என்றால் ஸ என்பது ஜி. அப்போது மூன்று கோட்டும் ஜி, சி, டி ஆகிவிடும். இரண்டு கட்டை என்றால் டி, ஜி, ஏ. கிற்றார் வாசிக்கிறவருக்கு ஐந்து கட்டைதான் சுகம். சியில் வாசித்தால் எஃப் கோட்டுக்கு ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அமத்த வேண்டி வரும். கீபோட்காரருக்குக் குறுக்கு வழி உண்டு: சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை 5 இறக்கிவிட்டு, சியில் வாசிப்பது போலவே வாசிக்கலாம். பக்கத்தில் கிற்றார் இருந்தால் அவருக்கு மறக்காமல் ஜி என்றே சொல்லுங்கள், சி என்று சொல்லிவிடாதீர்கள்.